சொந்தமாகப் படை தொடங்குவது எப்படி?

காளான் வளர்த்துப் பார்த்தாயிற்று. ஈமுக் கோழியில் கையைச் சுட்டுக்கொண்டதும் ஆயிற்று. சுயதொழில் பக்கங்களை வெட்டி வெட்டிச் சேர்த்தும் கையில் காசு நிற்கவில்லையே என்று சலித்துக்கொள்ளும் அன்பர்களுக்காக, எந்த மாவட்டத் தொழில் மையத்திலும் சொல்லித்தராத ஒரு தொழிலை இங்கே விளக்குகிறோம்: தனியார் ராணுவ நிறுவனம். வாடிக்கையாளர்கள் எல்லோரும் அரசாங்கங்கள். கடன் சொல்லிவிட்டு இரவோடு இரவாக ஓடிவிடுவார்களோ என்ற பயம் வேண்டாம். நாட்டைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவார்கள்? படிப்புத் தகுதி கிடையாது. முன் அனுபவமும் கட்டாயமில்லை. இந்தத் துறையின் பெரும்புள்ளியாக இருந்த எவ்கெனி பிரிகோஷின், திருட்டு வழக்கில் ஒன்பது ஆண்டு கம்பி எண்ணிவிட்டு, 1990இல் லெனின்கிராடில் ஹாட் டாக் விற்றுத் தொடங்கியவர்தான்.

சரக்கு எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

புதிதாக வருகிறவர்கள் செய்யும் முதல் தப்பு, தாங்கள் சிப்பாய்களை விற்பதாக நினைத்துக்கொள்வது. சிப்பாய் எங்கும் கிடைப்பான். வல்லரசுகளிடம் லட்சக்கணக்கில் இருக்கிறான். அவர்களிடம் இல்லாதது, நல்ல விலை போவது, ஒரே ஒரு வாக்கியம்: "அவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை." நீங்கள் விற்கப்போவது அதைத்தான். ஆளும் துப்பாக்கியும் அதை மடித்துத் தருகிற பொட்டலக் காகிதம்.

2018 பிப்ரவரி 7 இரவு. கிழக்குச் சிரியாவில் டெய்ர் எஸ்-ஸோர் பக்கம், கொனோகோ எரிவாயு ஆலையை ஒட்டி அமெரிக்கச் சிறப்புப் படையினர் இருக்கிறார்கள். டாங்கிகளோடு ஒரு படை அவர்களை நோக்கி வருகிறது. இரு வல்லரசுகளும் தவறிப்போய் மோதிக்கொள்ளாமலிருக்க அங்கே ஏற்கெனவே ஒரு தொலைபேசித் தொடர்பு இருந்தது. அமெரிக்க அதிகாரிகள் அதில் கூப்பிட்டு, வருவது உங்கள் ஆட்களா என்று கேட்டார்கள். இல்லை என்றது ரஷ்யத் தரப்பு. அப்படியென்றால் சரி என்று விமானங்கள் வந்தன. மணிக்கணக்கில் குண்டு விழுந்தது. வந்தவர்களில் கணிசமானோர் பிரிகோஷினின் வாக்னர் நிறுவனத்து ரஷ்யர்கள். எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்கு இன்றுவரை ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு கிடையாது. ரஷ்ய வெளியுறவுத் துறை முதலில் ஐந்து பேர் இருக்கலாம் என்றது. பிறகு, செத்தவர்களும் காயம்பட்டவர்களுமாகப் பல பத்துப் பேர் என்றது. அணுகுண்டு வைத்திருக்கிற இரண்டு நாட்டுக்காரர்கள் நேருக்கு நேர் மோதியும் மறுநாள் காலை உலகம் வழக்கம்போல் விடிந்தது. ஒரு தரப்பு அங்கே இல்லவே இல்லை அல்லவா? இப்படிப்பட்ட சேவைக்கு நீங்கள் எவ்வளவு கேட்டாலும் தகும்.

இதே சரக்கை 1984இலேயே நம் பக்கத்துத் தீவில் கடை விரித்து விற்றவர்கள் பிரிட்டிஷ்காரர்கள். கே.எம்.எஸ். என்று கம்பெனிக்குப் பெயர். நடத்தியவர்கள் பிரிட்டனின் எஸ்.ஏ.எஸ். படையிலிருந்து வந்தவர்கள். ஜெயவர்த்தன அரசு புதிதாக அமைத்த சிறப்பு அதிரடிப்படைக்குப் பயிற்சி கொடுத்தார்கள், ஹெலிகாப்டரும் ஓட்டினார்கள். டெல்லி லண்டனிடம் முறையிட்டபோது கிடைத்த பதில், அது ஒரு தனியார் நிறுவனத்தின் வியாபாரம் என்பதுதான். அந்த அதிரடிப்படை 1987 ஜனவரியில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் இறால் பண்ணையில் நடத்திய படுகொலையைப் பற்றி மட்டக்களப்பில் வயதானவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கே.எம்.எஸ். ஆட்களின் பங்கை விசாரிக்க லண்டன் போலீஸ் கோப்பைத் திறந்தது 2020இல். தொழில் தொடங்க நினைப்பவர்களுக்கு இதைவிட ஊக்கம் தரும் செய்தி உண்டா?

கூலியைக் காசாக வாங்காதீர்கள்

உங்களைக் கூப்பிடுகிற அரசிடம் பணம் இருக்காது. இருந்தால் சொந்தப் படைக்கே சம்பளம் கொடுத்திருக்கும்; உங்களுக்கு வேலையே வந்திருக்காது. ஆகவே ஒப்பந்தம் பேசும்போது கஜானாவைப் பார்க்காமல் நிலவியல் வரைபடத்தைப் பாருங்கள்.

இதை முறையாகக் கற்றுக்கொடுத்தது தென்னாப்பிரிக்காவின் எக்ஸிக்யூட்டிவ் அவுட்கம்ஸ். நிறவெறி அரசின் சிறப்புப் படைகளில் இருந்த ஈபன் பார்லோ 1989இல் தொடங்கியது. 1995இல் சியரா லியோனில் கிளர்ச்சிக்காரர்கள் தலைநகர் ஃப்ரீடவுனை நெருங்கிவிட்டார்கள். அதிபர் வாலன்டைன் ஸ்ட்ராஸர், 25 வயதில் ஆட்சியைப் பிடித்த ராணுவ கேப்டன், இவர்களைக் கூப்பிட்டார். சில நூறு பேர்தான். சில வாரங்களில் தலைநகருக்கு ஆபத்து நீங்கியது. அடுத்த சில மாதங்களில் வைரம் விளைகிற கோனோ மாவட்டமும் கைக்கு வந்தது. எந்த ஊரை முதலில் மீட்க வேண்டும் என்பதில் இவர்களுக்குக் குழப்பம் இருந்ததே இல்லை என்பதைக் கவனியுங்கள். வைரச் சுரங்க உரிமை பெற்ற பிராஞ்ச் எனர்ஜி என்கிற நிறுவனம் இவர்களுக்கு வேண்டப்பட்ட வட்டம்.

இந்த இடத்தில் கிண்டலைக் கொஞ்சம் நிறுத்தி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இவர்கள் வேலையைச் செய்தார்கள். கை வெட்டுகிற கும்பலை அரசுப் படையால் தடுக்க முடியவில்லை, ஐ.நா. அப்போது வரவில்லை, இவர்கள் தடுத்தார்கள். சமாதான ஒப்பந்தத்தின்படி 1997 ஜனவரியில் இவர்கள் வெளியேறினார்கள். மே மாதம் ஆட்சி கவிழ்ந்தது. 1999 ஜனவரியில் ஃப்ரீடவுன் ரத்தக்காடானது. தனியார் படை என்றாலே கொள்ளைக்காரர்கள் என்று எழுதித் தள்ளுகிறவர்கள் (நானும் அப்படி எழுதக்கூடியவன்தான்) இந்த இரண்டு வருடத்தை வசதியாகத் தாண்டிப் போவார்கள். ஆனால் இதிலேயே இன்னொரு பாடமும் இருக்கிறது. வாடகைக்கு வந்த காவல் போனதும், நாடு பழைய இடத்தைவிட மோசமான இடத்தில் நின்றது. சொந்தப் படையைச் சீர்செய்ய வேண்டிய காலம் வாடகையில் கழிந்திருந்தது. உங்கள் தொழில் கோணத்தில் பார்த்தால், திரும்ப ஆர்டர் வரும் என்று பொருள்.

வாக்னர் இதை இன்னும் துல்லியமாக்கியது. சிரியாவில் மீட்டுக்கொடுக்கும் எண்ணெய், எரிவாயு வயல்களின் வருமானத்தில் கால் பங்கு, பிரிகோஷினோடு தொடர்புள்ள எவ்ரோ போலிஸ் நிறுவனத்துக்கு. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் தங்கமும் வைரமும். சூடானில் தங்கம். சுரங்கத்துக்கு ஒரு கம்பெனி, காவலுக்கு ஒரு கம்பெனி, ஏற்றுமதிக்கு ஒரு கம்பெனி. கடைசியில் எல்லாக் குழாயும் ஒரே தொட்டியில். மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் அதிபர் ஃபாஸ்டன் ஆர்க்கஞ்ச் துவாதேராவின் மெய்க்காவலே அவர்கள் கையில். அதிபரின் அறை வாசலில் நிற்கிறவரிடம் சுரங்கக் குத்தகையை மறுபரிசீலனை செய்யலாமா என்று யார் கேட்பார்கள்? வெளிநாட்டுக் கொள்கையில் செல்வாக்குப் பெறுவது எப்படி என்று தடித்தடியாகப் புத்தகம் எழுதுகிறார்கள். வாசலில் நில்லுங்கள், போதும்.

சிலருக்கு இது புதிதாகத் தோன்றலாம். பிளாக்வாட்டர் என்கிற அமெரிக்கத் தனியார் படையின் நிறுவனர் எரிக் பிரின்ஸுக்கு அப்படித் தோன்றவில்லை. 2017இல் ஆப்கானிஸ்தான் போரைத் தனியாரிடம் விட்டுவிடலாம், அங்கே ஒரு வைஸ்ராயை நியமிக்கலாம் என்று யோசனை சொன்னபோது, அவர் முன்மாதிரியாகக் காட்டியது கிழக்கிந்தியக் கம்பெனியை. சென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு பெருமை உண்டு. அந்த முன்மாதிரிக்கு முதல் வாடிக்கையாளர்களில் ஒருவர் நம் ஆற்காட்டு நவாப் முகம்மது அலி. கம்பெனிப் படையை வாடகைக்கு வாங்கினார். தஞ்சாவூர் மீது ஏவினார், பாளையக்காரர்கள் மீது ஏவினார். வாடகை கட்டக் கம்பெனிக்காரர்களிடமே வட்டிக்கு வாங்கினார். வட்டி கட்ட மாவட்டம் மாவட்டமாக வரி வசூலை எழுதிக்கொடுத்தார். கடன்காரர்கள் பக்கத்திலேயே இருக்கட்டும் என்றோ என்னவோ, கோட்டைக்கு அருகில் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக்கொண்டார். 1801இல் நவாபின் ஆட்சிப் பகுதி முழுவதும் கம்பெனி கைக்குப் போனது. வாரிசுக்கு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு. 1855இல் அந்தப் பட்டமும் ஒழிந்தது, அரண்மனை ஏலத்துக்கு வந்தது. கிரிக்கெட் பார்க்கப் போகிறவர்கள் அந்தக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு வரலாம். ஒரு தனியார் படைக்கும் அதன் வாடிக்கையாளருக்கும் இடையிலான உறவு, குறுக்கீடு இல்லாமல் முதிர்ந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று பாங்கியில்கூட இல்லை.

முன்பணம் மட்டும் காசாக வாங்கிவிடுங்கள். 1997இல் பப்புவா நியூ கினி அரசு, பூகன்வில் தீவின் பாங்குனா செப்புச் சுரங்கத்தை மீட்க லண்டனின் சாண்ட்லைன் நிறுவனத்தோடு 3.6 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. பாதிப் பணம் முதலிலேயே போய்விட்டது. சொந்த வீரர்களுக்குச் சரியாகச் சம்பளமோ மருந்தோ இல்லாதபோது வெளியாளுக்கு இவ்வளவா என்று ராணுவத் தளபதி ஜெர்ரி சிங்கிரோக் கொதித்தெழுந்தார். வந்தவர்களைப் பிடித்து உட்காரவைத்தார். பிரதமர் ஜூலியஸ் சான் பதவியிலிருந்து ஒதுங்க நேர்ந்தது. ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. ஆனாலும் நடுவர் மன்றம் மீதிப் பணத்தையும் கொடு என்றது. சாண்ட்லைனின் டிம் ஸ்பைசர் துவண்டுவிடவில்லை. அவருடைய அடுத்த நிறுவனமான ஈஜிஸுக்கு 2004இல் ஈராக்கில் 29 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள அமெரிக்க ஒப்பந்தம் கிடைத்தது.

சட்டத்தைப் பற்றி

கவலையே வேண்டாம். கூலிப்படையினர் யார் என்று 1977ஆம் ஆண்டு ஜெனீவா கூடுதல் நெறிமுறையின் 47ஆம் பிரிவு வரையறுக்கிறது. ஆறு நிபந்தனைகள், ஆறும் ஒரே ஆளிடம் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றைக் கழற்றிவிட்டால் நீங்கள் கௌரவமான ஒப்பந்தக்காரர். சாண்ட்லைன் ஆட்களுக்குப் பப்புவா நியூ கினியில் சிறப்புக் காவலர் என்று அந்தஸ்து கொடுத்திருந்தார்கள்; அவ்வளவுதான் வேலை. 1989இல் ஐ.நா. தனியாக ஒரு உடன்படிக்கை போட்டது. நடைமுறைக்கு வரவே 2001 ஆகிவிட்டது. அமெரிக்கா, பிரிட்டன், ரஷ்யா, சீனா, இந்தியா யாரும் அதில் சேரவில்லை. 2008இல் மோன்ட்ரோ ஆவணம் என்று ஒன்று வந்தது. நல்ல வழக்கங்கள் நிறைய உண்டு அதில். சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது என்று அதிலேயே எழுதியும் இருக்கிறது.

ரஷ்யாவில் கூலிப்படை வைப்பது குற்றம். குற்றவியல் சட்டத்தின் 359ஆம் பிரிவு. ஆகவே வாக்னர் என்று ஒன்று இல்லவே இல்லை என்று பல ஆண்டுகள் சொல்லிவந்தார்கள். இருக்கிறது என்று எழுதிய செய்தியாளர் மீது பிரிகோஷின் 2021இல் லண்டன் நீதிமன்றத்தில் அவதூறு வழக்கே போட்டார். மறு ஆண்டு செப்டம்பரில், ஆமாம் நான்தான் தொடங்கினேன் என்று தாமாகவே அறிவித்துக்கொண்டார். நவம்பரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கண்ணாடிக் கட்டடத்தில் பெயர்ப்பலகையோடு அலுவலகம் திறந்தார். சட்டப்பிரிவு அப்படியே இருந்தது.

வழக்கு வந்தால்

வரும். அதற்குள் பெயரை மாற்றிவிடுங்கள். பிளாக்வாட்டர் 2009இல் 'ஸீ' ஆனது, 2011இல் 'அகாடெமி' ஆனது, 2014இல் 'கான்ஸ்டெல்லிஸ்' என்கிற பெரிய குடைக்குள் போனது.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது, கூப்பிட்ட அரசிடமிருந்தே விலக்கு வாங்குவது. ஈராக்கில் அமெரிக்க நிர்வாகி பால் பிரெமர் ஆட்சியை ஒப்படைப்பதற்கு முந்தைய நாள், 2004 ஜூன் 27 அன்று, 17ஆம் எண் ஆணையில் கையெழுத்திட்டார். வெளிநாட்டு ஒப்பந்தக்காரர்களை ஈராக் நீதிமன்றங்கள் தொட முடியாது. பிரெமருக்கு மெய்க்காவல் பிளாக்வாட்டர் ஆட்கள்.

அதன் பலனைப் பாருங்கள். 2006 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, பாக்தாதின் பசுமை மண்டலத்தில் குடித்திருந்த ஒரு பிளாக்வாட்டர் ஊழியர், ஈராக் துணை அதிபரின் காவலர் ஒருவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார். 36 மணி நேரத்துக்குள் அவரை விமானம் ஏற்றி நாட்டைவிட்டு அனுப்பியாயிற்று. இறந்தவர் குடும்பத்துக்கு என்ன கொடுப்பது? தூதரகத்தில் ஒரு மூத்த அதிகாரி இரண்டரை லட்சம் டாலர் என்று தொடங்கினார். பாதுகாப்புப் பிரிவு பதறியது: அவ்வளவு கொடுத்தால், குடும்பம் பிழைக்கட்டும் என்று ஈராக்கியர்கள் வேண்டுமென்றே சாக முயல்வார்களாம். 15,000 டாலரில் முடிந்தது. அமெரிக்க நாடாளுமன்றக் குழு 2007இல் வெளியிட்ட ஆவணத்தில் இந்தப் பேரம் பதிவாகியிருக்கிறது. நான் சேர்த்தது எதுவும் இல்லை.

அதே 2007 செப்டம்பர் 16, பாக்தாதின் நிசூர் சதுக்கம். நண்பகல் நெரிசல். ஒரு வெள்ளைக் கியா கார். ஓட்டியவர் மருத்துவ மாணவர், பக்கத்தில் அவருடைய தாய். முதல் குண்டுகள் அவர்களுக்கு. பிளாக்வாட்டர் ஆட்கள் சுட்டு முடித்தபோது 17 பேர் இறந்திருந்தார்கள். அதில் ஒன்பது வயதுச் சிறுவனும் ஒருவன். வழக்கு 2009 கடைசியில் தள்ளுபடியானது, மேல்முறையீட்டில் உயிர்பெற்றது, 2014இல் நால்வர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. 2020 டிசம்பரில் அதிபர் டிரம்ப் நால்வரையும் மன்னித்தார். இதை வைத்து நகைச்சுவை எழுத எனக்கு வரவில்லை. மேலே போவோம்.

செய்யக்கூடாதவை

வாடிக்கையாளர் இல்லாமல் நீங்களாகவே ஆட்சியைக் கவிழ்க்கப் போகாதீர்கள். சைமன் மான் என்கிற முன்னாள் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி போனார். 2004 மார்ச்சில் எண்ணெய் வளம் கொழிக்கும் எக்குவடோரியல் கினியைப் பிடிக்க, ஒரு பழைய போயிங் 727இல் அறுபதுக்கு மேற்பட்டோரை ஏற்றிக்கொண்டு, வழியில் ஆயுதம் வாங்கிக்கொள்ளலாம் என்று ஹராரேயில் இறங்கினார்கள். ஆயுதத்துக்குப் பதில் விலங்கு கிடைத்தது. இதில் ஹெலிகாப்டருக்குப் பணம் கொடுத்த மார்க் தாட்சர், முன்னாள் பிரிட்டிஷ் பிரதமரின் மகன், அது ஏர் ஆம்புலன்ஸ் தொழிலுக்கு என்று நினைத்ததாகச் சொன்னார். தென்னாப்பிரிக்க நீதிமன்றம் 30 லட்சம் ராண்ட் அபராதம் போட்டது.

கடலில் தொழில் செய்பவர்கள் தூத்துக்குடிப் பக்கம் ஜாக்கிரதை. கடற்கொள்ளைக்காரர்களிடமிருந்து கப்பல்களைக் காக்கிற ஓர் அமெரிக்க நிறுவனத்தின் 'சீமேன் கார்டு ஓஹியோ' 2013 அக்டோபரில் அங்கே மாட்டியது. கொடி சியரா லியோனுடையது. காவலர்கள் பிரிட்டன், எஸ்டோனியா, உக்ரைன், இந்தியா. உள்ளே 35 துப்பாக்கிகள், ஐயாயிரத்துக்கு மேல் தோட்டாக்கள், அனுமதிக் காகிதம் இல்லை. தமிழகக் காவல்துறையின் கியூ பிரிவு வழக்கு, ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை, புழல் வாசம். 2017 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை விடுதலை செய்தது. எல்லாக் காகிதமும் வைத்துக்கொண்டு ஊரையே எரித்தவர்கள் மன்னிப்பு வாங்கிக்கொண்டு போக, காகிதம் குறைந்தவர்கள் நான்கு வருடம் நீதிமன்றப் படியேறினார்கள்.

மிக முக்கியமாக, கூப்பிட்ட அரசைத் திருப்பிக் கேள்வி கேட்காதீர்கள். 2023 ஜூன் 23 இரவு பிரிகோஷின் கேட்டார். வெடிமருந்து தரவில்லை, பாதுகாப்பு அமைச்சர் ஏமாற்றுகிறார் என்று படையைத் திருப்பி, ரஸ்தோவ் நகரிலிருந்த ராணுவத் தலைமையகத்தைப் பிடித்துக்கொண்டு மாஸ்கோவை நோக்கி வண்டிகளை விட்டார். பெலாரஸ் அதிபர் லூகஷென்கோ நடுவில் புகுந்து மறுநாளே நிறுத்தினார். அடுத்த வாரம் புதின், இந்தப் படைக்கு ஓராண்டில் 8,600 கோடி ரூபிளுக்கு மேல் கொடுத்தது அரசுதான் என்று தொலைக்காட்சியில் கணக்கைப் படித்தார். இல்லாத கம்பெனிக்கு இவ்வளவு கொடுத்ததை ஒப்புக்கொண்ட பிறகு, அந்தக் கம்பெனி விற்ற சரக்குக்கு விலை ஏது? கலகம் நடந்து சரியாக இரண்டு மாதத்தில், ஆகஸ்ட் 23 அன்று, பிரிகோஷின் பயணம் செய்த விமானம் த்வெர் பகுதியில் விழுந்தது. பத்துப் பேரும் இறந்தார்கள். கிரெம்ளின், தனக்குச் சம்பந்தமில்லை என்றது. ஆப்பிரிக்காவில் அவர் பிடித்த இடங்களில் பெரும்பகுதி இப்போது ஆப்பிரிக்கக் கோர் என்கிற பெயரில் பாதுகாப்பு அமைச்சகத்தின் கையில்.

முதலீடு இல்லாதவர்களுக்கு

இதுவரை படித்தவர்களில் யாரும் படை தொடங்கப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் இந்தச் சந்தையில் நமக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஈராக்கில் அமெரிக்க ஒப்பந்தக்காரர்களிடம் சமைத்தவர்கள், துவைத்தவர்கள், லாரி ஓட்டியவர்களில் பலர் இந்தியர், நேபாளியர், பிலிப்பினோக்கள். 2004இல் அங்கே கடத்திக் கொல்லப்பட்ட 12 நேபாளத் தொழிலாளிகள் கையில் துப்பாக்கி இருந்ததில்லை. இப்போது ரஷ்யா-உக்ரைன் போரில் இடைத்தரகரான நிறுவனம்கூடத் தேவைப்படவில்லை. உதவியாளர் வேலை, பாதுகாவலர் வேலை என்று சொல்லி அழைத்துப்போன இளைஞர்களை நேராக ரஷ்ய ராணுவத்தில் சேர்த்துப் போர்முனைக்கு அனுப்பியிருக்கிறார்கள்; சிலர் பிணமாகத்தான் திரும்பினார்கள். 2024 மார்ச்சில் சி.பி.ஐ. இதற்காகச் சோதனை போட்ட ஊர்களில் சென்னையும் மதுரையும் உண்டு. இலங்கையில் ஓய்வுபெற்ற ராணுவத்தினரையும் இப்படித்தான் வளைத்தார்கள்.

ஆகவே உங்கள் தெருவில் யாராவது மாதம் இரண்டு லட்சம் என்று சொல்லிக்கொண்டு வந்தால், வேலைக்கான ஒப்பந்தம் நீங்கள் படிக்கத் தெரிந்த மொழியில் இருக்கிறதா என்று பாருங்கள். முகவருக்கு வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு எண் உண்டா என்று பாருங்கள். சுற்றுலா விசாவில் போய்ச் சேர்ந்த பிறகு வேலை விசா எடுத்துத் தருகிறேன் என்றால், போகாதீர்கள்.